கரையில் சோறாக்கும் மாதப்பன்

சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, புளி வைத்துத் தேய்த்தும் பார்த்தாயிற்று. உள்ளங்கையில் பித்தளை வாசம் போகவில்லை. தாயக்கட்டையைச் சும்மா உருட்டினால் வருகிற வாசம் கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும். இறுக்கிப் பிடித்தால்தான் இப்படி ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. நேற்று மத்தியானம் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். காலையில் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்த வாசம் வருகிறது, அதன் பின்னாலேயே நீ வந்துவிடுகிறாய். வந்து என்னைப் பார்க்கிறாய். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதமும் போட்டதில்லை. டெலிபோன் ஆபரேட்டருக்கு எவளாவது கடிதாசி எழுதுவாளா என்று நீயே கேலி பேசியிருப்பாய்.

எண்பதுகளில் அரூரில் நாம் நாலு பேரும் குடியிருந்த மாடி அறை இருந்ததே, கீழே புளி மண்டி, மேலே நாம். நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். சாவித்திரி டீச்சர். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கௌரி, வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், ஒரு பேங்கில் வேலை. நீ எக்ஸ்சேஞ்சில். சம்பாதிக்கிற பெண்கள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போக ஓர் இடம் கிடையாது. சினிமாவுக்குப் போனால் திங்கட்கிழமை ஆபீஸில் என்ன படம் என்று கேட்பார்கள், கேட்கிற விதத்திலேயே அடுத்த வாரம் போகத் தோன்றாது.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. சாவித்திரியின் அண்ணன் பெங்களூரில் ஃபேக்டரி வேலையில் இருந்தார். அவரோடு அறையில் தங்கியிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போனதாம். கேரம் போர்டு மாதிரி ஏதோ என்று நினைத்து அவர் நமக்குக் கொடுத்தனுப்பினார். திறந்தால் போர்டும் இல்லை, காயும் இல்லை. ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம், விநோதமான மிருகங்களின் படம், பல மூலை வைத்த பகடைகளில் மிச்சமாக ஒன்றோ இரண்டோ.

"காயே இல்லயே, இதுல எப்படி ஜெயிக்கறது?" என்று கௌரி கேட்டாள்.

சாவித்திரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிற மாதிரி படித்துப் பார்த்தாள். ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக அந்தக் கதைக்குள் போக வேண்டும். நான் இதைச் செய்கிறேன் என்று அவர்கள் சொல்லலாம், அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிக்கிறவர் என்று யாரும் கிடையாது. "யாருமே ஜெயிக்க மாட்டாங்களாம்டி" என்று அவள் புத்தகத்தை மூடியபோது, பாவம், ஏமாந்த மாதிரிதான் இருந்தாள்.

பாதி புரியவில்லை. புரியாத பாதியை நாமே போட்டுக்கொண்டோம். புத்தகத்திலிருந்த கோட்டைக்குப் பதில் ஒகேனக்கல், பூதத்துக்குப் பதில் யானையும் ஃபாரஸ்ட் கார்டும். காணாமல்போன பகடைக்கு உங்கள் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை. கதை சொல்கிறவள் கட்டையை மறைத்து உருட்ட வேண்டும், மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதற்கு முறத்தைத் தடுப்பு மாதிரி என் முன்னால் நிமிர்த்தி வைத்தாய். டைப் அடிக்கிற வேகத்தில் பேசுகிறவள் என்று என்னைக் கதைக்காரி ஆக்கியதும் நீதான்.

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கும் சாவித்திரி, திருடியாக இருப்பேன் என்றாள். கௌரி மூலிகை வைத்தியக்காரி. நீ மட்டும் பரிசல்காரக் கிழவர் ஆனாய். பெயர் மாதப்பன்.

"ஏண்டி, போயும் போயும் கெழவனாவா?"

"பரிசல் யாருது? அவருதான் நானு" என்றாய்.

காரணத்தை அப்புறம்தான் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் ஒகேனக்கல்லுக்கு டூர் அழைத்துப் போனார்கள். பையன்களைப் பரிசலில் ஏற்றினார்கள். பெண் பிள்ளைகள் நீங்கள் கரையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, எலுமிச்சைச் சோற்றைத் தின்றுவிட்டு பஸ் ஏறினீர்கள். அதற்குப் பிறகு நீ ஒகேனக்கல் போகவே இல்லை. ஆனால் அந்த மாடி அறையில் வாராவாரம் துடுப்புப் போட்டாய். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "சும்னே உக்காரு சாமி, பரிசல் ஆடுது" என்பாய். உன் கன்னடத்தைக் கேட்டு கௌரி உருண்டு சிரிப்பாள்.

வீட்டுக்கார அம்மா சண்டைக்கு வந்த நாளை மறக்க முடியுமா? கட்டை உருளும் சத்தம் கீழே மண்டி வரைக்கும் கேட்டிருக்கிறது. "பொட்டப்புள்ளைங்க இருக்கற வூட்டுல சூதாட்டமா ஆடறீங்க? உங்க அப்பனுங்களுக்குச் சொல்லட்டுமா?" என்று படியேறி வந்தார். நான் கட்டையை முறத்துக்கு அடியில் தள்ளினேன். நீ துண்டை அவிழ்க்கக்கூட இல்லை. "வாங்கம்மா, அக்கரைக்கா? தண்ணி ஜாஸ்தியா வருது, வடியட்டும். செத்த குந்துங்க" என்றாய். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, குந்திவிட்டார். பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வாசலில் தண்ணீர் தெளித்தபடியே, "ஏம்மா, ஆத்துல தண்ணி வடிஞ்சிதா?" என்று கேட்டார்.

போன மாதம் என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அவனும் அவன் சிநேகிதர்களும் இந்த மாதிரி விளையாட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். முக்கால்வாசி அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறதாம், ஒன்றிரண்டை மட்டும் வருஷக்கணக்காக விடாமல் ஆடுகிறார்களாம். "அது ஏன் அத்தை, அந்த ஒண்ணு ரெண்டு மட்டும் நிக்குது?" என்று கேட்டான். ஏதோ சொன்னேன். முடிவு இல்லாததால் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் தங்களுக்கு ஏற்றபடி விதியை மாற்றிக்கொள்ள முடிவதால் என்றேன். எல்லாம் சரிதான். ஆனால் சொல்லும்போதே, நம்முடையது இத்தனை வருஷம் நிலைத்து நின்றதற்கு அது காரணமில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தது. நம்முடையது நின்றதற்கு நீ போட்ட இரண்டு விதிகள்தான் காரணம். இரண்டையும் ஒரே நாளில் உடைத்துவிட்டேன்.

முதல் விதி, ஆட்டத்துக்கு வராதவர்களைப் பற்றியது. உனக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி விழும். நீ இல்லாத ஒரு நாள் நாங்களே மாதப்பனைப் பேசவைத்து, யானைக்கு முன்னால் நிறுத்தி, காலை உடைத்துவிட்டோம். அன்றைக்கு உனக்கு வந்த கோபம்! "நா எக்ஸ்சேஞ்சுல லைன் குடுக்கறவ. நடுவுல பூந்து பேச மாட்டேன். இல்லாதவங்க வாயில வார்த்தய வெக்காதீங்கடி" என்றாய். அதிலிருந்து, வராதவர்களின் ஆள் கரையில் சோறாக்கிக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு ஒன்றும் ஆகாது, அவர் எங்கும் போகமாட்டார். மற்றவர்கள் வேண்டுமானால் கூப்பிடலாம். தாயம் விழுந்தால் திரும்பி ஒரு வார்த்தை சொல்வார். விழாவிட்டால், அடுப்புப் புகையில் அவருக்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம்.

அந்த ஒரு வார்த்தையையும் நாங்கள் சொல்லக்கூடாது. தாயம் விழுந்ததும் சாவித்திரி கீழே மண்டிக்கு ஓடுவாள். அங்கே போன் இருந்தது. ரிசீவரை எடுத்தால் போதும், "நம்பர் ப்ளீஸ்" என்று உன் குரல் வரும். "மாதப்பா, சுழலுக்கு எடக்கையில போறதா, வலக்கையிலயா?" என்று இவள் குசுகுசுப்பாள். பக்கத்தில் சூப்பர்வைசர் இருந்தால் "லைன் எங்கேஜ்டு" என்பாய். இல்லாவிட்டால் கரகரத்த தொண்டையில், "எடக்கை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். சாவித்திரி மூச்சு வாங்க மேலே வந்து அந்த ஒரு வார்த்தையைப் பிரசாதம் மாதிரி எங்களுக்குக் கொடுப்பாள்.

இரண்டாவது விதியை நீ போட்டது கடைசி ஞாயிற்றுக்கிழமை. உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஊர் பாலக்கோட்டுப் பக்கம், அங்கேயே டிரான்ஸ்ஃபரும் வாங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்குக் கதையில் வெள்ளம். மாதப்பன் அக்கரைக்குப் போயே ஆவேன் என்றார். போய் அங்கேயே இருந்துகொள்வாராம், இந்தப் பக்கம் திரும்புவதில்லையாம். நீ அதைச் சொன்ன விதத்தில் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தாயம் விழுந்தால் போய்ச் சேரலாம், விழாவிட்டால் பரிசல் கவிழும் என்றேன். முறத்துக்குப் பின்னால் உருட்டினேன். மூன்று விழுந்தது.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தாயம் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். நீ கையை நீட்டி, முறத்தைப் பிடித்து, மெதுவாகத் தரையில் படுக்கவைத்தாய். கட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"மாத்தாத. நீ ஒரு தரம் மாத்துனா, முன்னாடி விழுந்ததெல்லாம் பொய்யாயிரும்" என்றாய்.

மாதப்பனின் பரிசல் மூழ்கியது. அவர் நீந்தி இந்தக் கரைக்கே வந்து சேர்ந்தார். நீ தலைத்துண்டை அவிழ்த்து மடித்து, உன் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினாய்.

அதன் பிறகு நீ வந்தது எப்போதாவதுதான். நாங்கள் மூன்று பேரும் ஊர் மாறினோம், பிள்ளை பெற்றோம், ரிட்டையர் ஆனோம். இடையில் வருஷக்கணக்கில் விட்டுப்போனாலும் மறுபடி தர்மபுரியில் என் வீட்டில் கூடினோம். உனக்கு ஒரு வாரம் மாமியாருக்கு முடியவில்லை, ஒரு வாரம் மகளுக்குப் பரீட்சை. பரவாயில்லை, மாதப்பன் கரையில் சோறாக்கிக்கொண்டிருந்தார். பரிசலும் இல்லாதவர் வேறு என்ன செய்வார் என்று கௌரி கிண்டல் செய்வாள். போன வருஷம் நீ போனாய். முதல்நாள் வரைக்கும் நடமாடியவள், ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சாவித்திரி மெதுவாகக் கேட்டாள், "மாதப்பன என்னடி பண்றது?" அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

உன் மகள் ஜெசிந்தா என் வீட்டுக் கதவைத் தட்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவள் உங்களிடம் சொல்லாமல், கூட வேலை செய்கிற பையனை ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டதும், நீ அவளோடு பேசுவதை நிறுத்தியதும் எனக்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது. நான் அவள் பேச்சை எடுத்தால் நீ உடனே வேறு லைனுக்கு மாற்றிவிடுவாய். உன் மனதில் இருந்தது கோபமா, வருத்தமா, அவளே முதலில் கூப்பிடட்டும் என்ற பிடிவாதமா, எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கூப்பிடலாம் கூப்பிடலாம் என்று அவள் இருந்துவிட்டாள். நீ முந்திக்கொண்டாய்.

"அம்மா பொருளெல்லாம் எடுத்து வெக்கும்போது ஒரு துண்டு கெடச்சுது ஆன்ட்டி. அப்பாவக் கேட்டா, அதக் கட்டிக்கிட்டு ஏதோ வெளயாடுவாளாம், உங்களுக்குத்தான் தெரியும்னாரு" என்றாள். மாதப்பனைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவே இல்லை. "எங்கம்மாவா? பரிசலா? தண்ணின்னா பயம் அவங்களுக்கு. என்னயக்கூட ஆத்துப் பக்கம் விட மாட்டாங்க" என்றாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவளும் எங்களோடு உட்கார்ந்தாள். அக்கரைக்குப் போக வேண்டிய டவுன் பெண்ணாக இருக்கிறேன் என்றாள். கரையில் சோறாக்குகிறவரைக் கூப்பிடும் விதியைச் சாவித்திரி அவளுக்குச் சொன்னாள். போன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கதை போனது. அப்புறம் ஜெசிந்தா துண்டை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே, "பெரியவரே" என்றாள். "நா சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். எம்மேல கோவங்களா?"

அது டவுன் பெண்ணின் குரல் இல்லை. முறத்துக்குப் பின்னால் உருட்டினேன். ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. அஞ்சு. கட்டையின் மேல் கையை வைத்து மூடினேன்.

"தாயம்" என்றேன்.

அதோடு நின்றேனா? தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "கோவமெல்லாம் இல்ல சாமி. ஏறு, பரிசல் கெளம்புது" என்றும் சொன்னேன். உன் குரல் என்னிடமிருந்து அவ்வளவு சரியாக வரும் என்று எனக்கே தெரியாது. பிள்ளை அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போனதும் சாவித்திரி டம்ளர்களைக் கழுவப் போட்டாள். திரும்பிப் பார்க்காமலேயே, "மாதப்பனுக்கு ஏதுடி பரிசல்? முழுகிப் போச்சில்ல" என்றாள்.

அத்தனை வருஷம் கதைக்காரியாக இருந்தவளுக்கு அதுகூட ஞாபகம் வரவில்லை. தப்பு செய்கிற அவசரத்தில் உன் ஆளுக்கு இல்லாத பரிசலையும் கொடுத்துவிட்டேன். வாரத்தின் நடுவில் ஜெசிந்தா போன் செய்தாள். ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாளாம். "அம்மாவே சொன்ன மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். விழுந்தது அஞ்சு என்று சாவித்திரியிடமும் கௌரியிடமும் சொல்லிவிட்டேன். நல்லதுதானே நடந்திருக்கிறது, அப்படியே விட்டுவிடு என்று கௌரி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். ஆனால் நீ முறத்தைப் படுக்கவைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கு உனக்கே நீ வேண்டாம் என்றதை, நீ இல்லாத நேரத்தில் உன் பெயரில் செய்திருக்கிறேன். எடக்கை, வலக்கை என்று நீ வேலைக்கு நடுவே சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பொய்யாக்கிவிட்டேன் என்று தோன்றியது.

நேற்று அவள் வந்து உட்கார்ந்ததும், ஆட்டம் தொடங்குமுன் முறத்தை எடுத்துத் தரையில் படுக்கவைத்தேன். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன். "போன வாரம் தாயம் விழல கண்ணு. அஞ்சு விழுந்துது. பேசுனது உங்கம்மா இல்ல, நான்." மண்டி போன், நம்பர் ப்ளீஸ், எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கோபமா இல்லையா என்பது எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

அவள் முகம் கல்லானது. ராங் நம்பர்காரன் திட்டினால் உன் முகம் ஆகுமே, அதே மாதிரி. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய், செருப்பில் காலையும் விட்டுவிட்டாள். வாசல்படியில் நின்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடுங்க. நானே உருட்டறேன்."

என் விரல்களைப் பிரித்துத்தான் கட்டையை எடுக்க வேண்டியிருந்தது. "பெரியவரே" என்று கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் பார்க்க வெறுந்தரையில் உருட்டினாள். ஆறு விழுந்தது.

"கேக்கலயா அவருக்கு?"

"பொகை" என்றாள் சாவித்திரி.

ஜெசிந்தா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன். விழற வரைக்கும் வர்றேன்" என்றாள். இருந்து சாப்பிட்டுவிட்டு, கௌரியிடம் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினாள். தம்பி மகன் மறுபடி கேட்டால், அந்த ஒன்றிரண்டு ஏன் நிற்கிறது என்பதற்கு விழுகிற வரைக்கும் வருவேன் என்று அவள் சொன்னதையே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் உன்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் உருட்டியபோது தாயம் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த வாரமும் அதையேதான் வேண்டிக்கொள்வேன். எப்படியும் ஒரு நாள் விழும். நீ போட்ட விதிப்படி சாவித்திரி எழுந்து போனை எடுத்து, மாதப்பனிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வர வேண்டும். பிள்ளை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது என் வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. அரூரில் அன்றைக்கு நம்பர்கூட வேண்டியதில்லை, ரிசீவரை எடுத்தாலே நீ இருந்தாய்.